மீட்டர் ஒட்டிய வெள்ளை டேப்

எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் அவரை எல்லோரும் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டி விமானங்களின் வேகமானியையும் உயரமானியையும் பராமரிப்பது அவர் வேலை. எனக்குச் சகலை வேறு. நானும் அவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். மாப்பிள்ளை பார்ப்பதில் எங்கள் மாமனார் ஒரு தடவைதான் ஏமாந்தார், யாரிடம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேலையில் கை வைப்பதைவிட வாய் வைப்பதுதான் மீட்டருக்குப் பிடிக்கும். வெளியாள் யாராவது வந்தால் போதும், இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைத் தொட்டுக் காட்டி ஆரம்பித்துவிடுவார். “இதுக்குள்ள எதிர்க்காத்து வந்து மோதும். விமானத்தோட பக்கவாட்டுல பொட்டு மாதிரி ஓட்டை இருக்குல்ல, அது வழியா அசையாத காத்து போகும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் வேகம். மேல போகப் போக அந்த அசையாத காத்து லேசாகும். உயர மீட்டருக்குள்ள மூடி வச்ச டப்பி உப்பும், முள்ளு நகரும்.” சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் அத்தனையையும் தானே கண்டுபிடித்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பாரே, அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விமானத்தைக் கழுவும்போது அந்தப் பொட்டு ஓட்டைகளில் தண்ணீர் போகக்கூடாது. சிவப்பு டேப்பால் மூட வேண்டும் என்பது விதி. எடுக்க மறந்தாலும் யார் கண்ணிலாவது படும். ஆனால் சிவப்பு டேப் பெயின்டில் பிசினை விட்டுவிடும், பிறகு உட்கார்ந்து தேய்க்க வேண்டும். நம் ஆளுக்குத்தான் உடம்பு வணங்காதே. வெள்ளை விமானத்தில் வெள்ளை டேப்பை ஒட்டுவார். ஸ்டோரில் இருக்கும் நான் சிவப்பு டேப்பை எடுத்து நீட்டினால், “எனக்கே சொல்லித் தர்றியா, சகல?” என்பார்.

அவர் மகள் எங்கள் பள்ளியிலேயே விமானம் ஓட்டப் படித்தாள். அவளுக்கு மூக்கு அப்பாவுடையது. நல்லவேளை, மூளை அம்மாவுடையது. அவள் முதன்முறையாகத் தனியே பறக்கும் நாளில் மீட்டரே விமானத்தைக் கழுவினார். மகள் போகிற வண்டி பளபளக்க வேண்டுமாம். துடைத்தார், தள்ளி நின்று ரசித்தார், டேப்பை எடுக்க மறந்தார்.

கிளம்பிச் சற்று நேரத்தில் பயிற்சியாளரின் ரேடியோவில் அவள் குரல் கேட்டது. “சார், உயர முள்ளு தரையில இருந்த எடத்துலயே நிக்குது. ஏற ஏற ஸ்பீடும் கொறையுற மாதிரி காட்டுது. விமானத்தோட மூக்க எறக்கி வேகம் புடிக்கவா?”

மேலே அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

“பயந்துட்டா சார். முள்ளப் பாக்கத் தெரியல,” என்றார் மீட்டர்.

பயிற்சியாளர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எறக்காதம்மா. வேகம் நல்லாத்தான் இருக்கு, முள்ளுதான் பொய் சொல்லுது. பக்கவாட்டு ஓட்டை அடைச்சிருக்கணும். ஏறுற வேகம் காட்டுற மீட்டர் இருக்குல்ல, அதோட கண்ணாடிய ஒடச்சிடு. மூணு மீட்டருக்கும் ஒரே குழாதான், நீ உக்காந்திருக்குற எடத்துக் காத்தாவது உள்ள போகட்டும்.”

“ஐயோ, அது புது மீட்டர் சார்,” என்றார் பெற்ற தகப்பன்.

டார்ச்சின் அடிப்பக்கத்தால் உடைத்தாள். உயர முள் விறுவிறுவென்று மேலே போனதாகச் சொன்னாள். வேக முள்ளும் புத்திக்கு வந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒழுங்காகத் தரையிறங்கினாள். விரல் கிழிந்து சட்டைக் கை முழுக்க ரத்தம். நான் கைக்குட்டையைச் சுற்றிவிட்டேன். அதற்குள் மீட்டர் விமானத்தின் பக்கவாட்டுக்கு ஓடி, நகத்தால் எதையோ அவசரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் போய் அவர் கையைப் பிடித்தார். விரலில் வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினாலும் விழவில்லை.

“பறக்குறதுக்கு முன்னாடி சுத்தி வந்து செக் பண்றது பைலட் வேல சார்,” என்றார் மீட்டர். “அவ சரியாப் பாக்கல.”

மூஞ்சியில் காறித் துப்பலாம் போல இருந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

மகள் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு பயிற்சியாளரிடம் சொன்னாள்.

“ஆமா சார், தப்பு என்னோடதுதான். வேற யாரு கழுவியிருந்தாலும் ஓட்டைய வெரலால தடவிப் பாத்திருப்பேன். அப்பா கழுவினதுன்னு பாக்காமப் போயிட்டேன். இனிமே தடவிப் பாக்குறேன்.”