டெரெக்கின் நிலமும் மாமாவின் ஃபுல்ஸ்டாப்பும்

செவ்வாய்க்கிழமை காலைகளில் நான் ஆங்கிலேயர்களுக்கு ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். இதைச் சென்னையில், எங்கள் அஸ்தினாபுரத்தில் யாரிடம் சொன்னாலும் என் முகத்தைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, உடம்பப் பாத்துக்கோ" என்கிறார்கள். யார்க்‌ஷயரிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. முதல் வகுப்பில் நான் நுழைந்ததும் முன்வரிசையிலிருந்த ஓர் அம்மாள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "பயப்படாதே, லவ். இங்கே நல்லா சொல்லித் தருவாங்க. வாத்தியார்தான் இன்னும் வரலை" என்றார். அந்த ஊரில் ஆண், பெண் பாராமல் எல்லாருமே 'லவ்'தான். மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்பது குரோம்பேட்டை வளர்ப்பு. உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் நேரத்துக்கு வராததைப் பற்றி இருவரும் கொஞ்ச நேரம் குறைப்பட்டுக்கொண்டோம்.

என் மாணவர்கள் எல்லாரும் ஆங்கிலத்திலேயே பிறந்து, ஆங்கிலத்திலேயே சண்டை போட்டு, ஆங்கிலத்திலேயே கனவு காண்கிறவர்கள். எழுத்து மட்டும் வராது. பள்ளியில் ஏதோ ஒரு வருடத்தில் வண்டி தவறிவிட்டது. இவர்களுக்குக் கற்பிக்க எனக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். எந்த எழுத்தையும் எடுத்தவுடன் எழுத்துக்கூட்டக் கூடாது. இதை எழுதியது யார், யாருக்கு, அவரை என்ன செய்ய வைப்பதற்கு என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு வாக்கியத்தைப் பிரித்து, அதில் வேலை செய்கிற ஆள் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேட வேண்டும். உதாரணத்துக்கு உங்கள் ஊர்ப் பலகை ஒன்று கொண்டுவாருங்கள் என்றார்கள். அக்கா வீட்டு கேட்டில் தொங்கும் பலகையைக் காட்டினேன்: இங்கே வண்டி நிறுத்தினால் டயரில் காற்று பிடுங்கப்படும். பயிற்சியாளர் பரவசமாகிவிட்டார். "பாருங்கள், பிடுங்குகிறவர் மறைக்கப்பட்டிருக்கிறார். இதுதான் அதிகாரத்தின் மொழி" என்றார். மறைவெல்லாம் ஒன்றுமில்லை, பிடுங்குவது என் அக்கா, தெருவுக்கே தெரியும் என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

நாங்கள் ஆங்கிலம் கற்ற வழியில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் இடமில்லை. எங்களுக்கு ஆங்கிலம் தலைமேல் வைத்துக் கொண்டுபோய்ப் பரீட்சை ஹாலில் இறக்கிவைக்கிற மூட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்று சுமக்கிறவன் கேட்பதில்லை. இந்த முறையின் உச்சம் என் அக்காவின் கணவர். மாமாவின் குடும்பத்துக்கு அஸ்தினாபுரத்தில் நெல் வயல் இருந்தது. வயல்கள் ஒவ்வொன்றாக மனையாகிக்கொண்டிருந்த காலத்தில், இனி மண்ணை நம்பிப் பயனில்லை என்று அவர் அப்பா மகனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார். மாமா இங்கிலீஷ் ஹையர் முதல் வகுப்பில் தேறி, தாம்பரத்தில் ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பத்திர எழுத்தர் கடையில் உட்கார்ந்தார். ஓய்வு பெறும்வரை இங்கிலீஷில் கிரயப் பத்திரம் தட்டினார். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. தன் வீட்டு வயலை விற்ற பத்திரத்தையும் அவரே தட்டினார். அதிலும் பிழை இல்லை. வாங்கியவர் மாடி மாடியாகக் கட்டியதில் ஒரு ஃப்ளாட்டில்தான் அக்காவும் மாமாவும் இருக்கிறார்கள்.

இந்தத் தடவை அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று ஊருக்கு வந்திருந்தேன். வந்த நேரம் பார்த்து, வகுப்பை மேற்பார்வை செய்ய ஹெலன் என்ற அதிகாரி நாள் குறித்துவிட்டார். தேறினால் வேலை நிரந்தரம், தவறினால் வகுப்பு வேறொருவருக்கு. ஏற்கனவே ஒருமுறை தவறியிருந்தேன். காரணம், ஆசிரியர் அதிகம் பேசுகிறார். நாளைத் தள்ளிவைக்க முடியாது, வீடியோவில் நடத்தலாம் என்றார்கள். அங்கே காலை, இங்கே நடு மத்தியானம்.

மாணவர் டெரெக். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஊரில் நகராட்சி சின்னச் சின்னத் துண்டு நிலங்களைக் காய்கறி போட வாடகைக்குக் கொடுக்கும். இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டதில் டெரெக் தன் துண்டைக் கொத்தாமல் போட்டுவிட்டார். வேலியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதைப் படம் பிடித்து அனுப்பி, "இதைப் படிக்கக் கத்துக்கொடு. பக்கத்துத் தோட்டக்காரனிடம் போய்க் கேட்க மாட்டேன்" என்றார். பாடம் அதுதான். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் ஒரு கட்டத்துக்குள் டெரெக், இன்னொன்றில் கேமராவை அணைத்துவிட்டு வெறும் பெயராக ஹெலன், நடுவே நோட்டீஸ். "இதை எழுதியது யார், டெரெக்?" என்று ஆரம்பித்தேன். கரண்ட் போயிற்று.

மோடம் கண்ணை மூடியது. என் செல்போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்துப் பார்த்தேன். அக்கா வீட்டில் சிக்னல் கிடைப்பது ஓரிடத்தில்தான்: பால்கனிக் கம்பிக்கு வெளியே, கையை முழுக்க நீட்டினால். நீட்டினேன். லேப்டாப் உயிர்பெற்றது. ஆனால் அது மேஜையில், நான் பால்கனியில். லேப்டாப்புக்கு எதிரே முறுக்குத் தட்டோடு மாமா.

"மச்சான், ஆளு பாவம் குந்திகினு கீறாரு. நான் படிச்சுக் காட்டட்டா?"

"வேண்டாம் மாமா!" என்று கத்தினேன். அதே நேரம் கீழே ஒரு ஆட்டோ, பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய ஃப்ரிட்ஜ் என்று ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டு வந்து, அக்காவின் பலகையைப் பொருட்படுத்தாமல் கேட்டுக்கு நேரே நின்றது.

மாமா படித்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் டிக்டேஷன் கொடுக்கிற தாளம், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, கமா என்றால் "கமா", முடிந்தால் "ஃபுல்ஸ்டாப்". இவர் யாரென்று டெரெக் கேட்கவில்லை. விரலைத் தன் திரையில் வைத்து, மாமாவின் குரலுக்குப் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு வந்தார். நிலம் பயிரிடப்படாமல் இருப்பதாகக் காணப்படுகிறது, கமா. "காணப்படுகிறதா? எவன் கண்டான்?" என்று சீறினார். நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுக்க முயன்ற கேள்வி அது.

அப்போது என் கை வலித்தது. கற்பித்தலில் அன்று என் பங்களிப்பு இவ்வளவுதான். கையைக் கொஞ்சம் இறக்கினேன். "வேகன்ட்" என்ற இடத்தில் டெரெக்கின் திரையில் மாமா வாயைத் திறந்தபடி உறைந்துபோயிருக்க வேண்டும். பதறிக் கையை மறுபடி தூக்கியபோது டெரெக்கின் குரல் வந்தது. விரல் அங்கேயே நின்றிருந்தது. "பொ... பொசெ... பொசெஷன்." யாரும் சொல்லித் தரவில்லை. கொஞ்சம் மூச்சுவிட்டு, தானே, "ஃபுல்ஸ்டாப்" என்றார்.

"கரெக்ட்டு சார்" என்றார் மாமா. பிறகு பால்கனி பக்கம் திரும்பி, "மச்சான், இது நம்ம வார்த்தையாச்சே! எல்லாப் பத்திரத்துலயும் வரும். அப்டின்னா இன்னா?"

ஆட்டோ போய்விட்டிருந்தது. கேள்வியை அங்கிருந்தபடியே ஆங்கிலத்தில் கத்தினேன். டெரெக் கையை ஒரு துடைப்பு துடைத்துக் காட்டினார். உன் கொட்டகையை எடு, வேலியை எடு, முளைத்திருப்பதைப் பிடுங்கு, வெறும் மண்ணாக விட்டுவிட்டுப் போ, திரும்பிப் பார்க்காதே. நான் தமிழில் கத்தினேன். மாமா முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"அட. இதையா தட்டினேன்? எங்கப்பன் அதுலதான் கைநாட்டு வச்சாரு."

அதையும் ஆங்கிலத்தில் கத்தினேன். அப்பா என்ன பயிரிட்டார் என்று டெரெக் கேட்டார். "நெல்லு." எங்கே? மாமா தரையைக் காட்டினார். மொசைக். டெரெக் திரைக்குப் பக்கத்தில் வந்து அந்த மொசைக்கை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் ஊர் நகராட்சியைப் பற்றி அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. தாம்பரத்தில் அதற்குச் சமமான வசவு ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னார். அது டெரெக்குக்கும் புரிந்தது.

கரண்ட் வந்தபோது ஹெலனின் கட்டம் காலியாக இருந்தது. வேலை போயிற்று என்று முடிவு செய்து, அக்காவிடம் தாம்பரத்தில் டியூஷன் சென்டர் வைக்க இடம் கிடைக்குமா என்று விசாரித்தேன். "அங்க வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தே. இங்க யாருடா உன்ன நம்புவாங்க?" என்றாள். இரண்டு நாள் கழித்து அறிக்கை வந்தது. ஆசிரியரிடம் பிரமிக்கத்தக்க முன்னேற்றம். மாணவர் பேசுவதற்காகத் தன்னைக் காட்சியிலிருந்தே முழுமையாக விலக்கிக்கொண்டார். இந்த அடக்கத்தை அவர் தொடர வேண்டும். துணை ஆசிரியரையும் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. யார்க்‌ஷயருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டு நான் ஜன்னலோரம் அடக்கமாக நிற்கிறேன். அஸ்தினாபுரத்திலிருந்து மாமா கமாவோடு படிக்கிறார், வகுப்பே அவருக்கு அர்த்தம் சொல்கிறது. டெரெக் நோட்டீஸை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், அவர்கள் முகத்துக்கு நேரே ஃபுல்ஸ்டாப் உட்பட உரக்கப் படித்து, நிலத்தைக் கொத்திப் பயிரிட அவகாசம் வாங்கிவந்துவிட்டார்.

போன சனிக்கிழமை அவர் புதிதாகக் கொத்திய பாத்தியைப் பார்க்க வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். இரவல் பூட்ஸோடு சேற்றில் நின்று செல்போனைப் பிடித்தேன். திரையில் மாமாவும், அவருக்குப் பின்னால் அக்காவின் பால்கனிக் கம்பியும் தெரிந்தன. "மண்ணு நல்லாத்தான் கீது" என்று ஆரம்பித்தவர், "மச்சான், கொஞ்சம் தள்ளு, உன் நிழல் மறைக்குது" என்றார். ஒரு அடி பின்வாங்கினேன். "அங்கே நிற்காதே, லவ், விதை போட்டிருக்கேன்" என்று டெரெக் பின்னாலிருந்து கத்தினார். ஒரு காலைத் தூக்கிக்கொண்டேன். எங்கே ஊன்றுவது என்று தெரியவில்லை. செல்போனை மட்டும் கைக்கு எட்டிய தூரம் நீட்டிப் பிடித்தேன். என்னைத் தாண்டி இருவரும் உரத்த குரலில் நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.