ஆறு துளை பிளக்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். பூதலூரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். சம்பா பயிருக்கு இன்ஷூரன்ஸ் பதிவு செய்ய மறுநாள் கடைசி. கூட்டம் தாங்காமல், இரண்டு நாட்களாக வந்தவர்களின் சிட்டா, அடங்கல் என்று நிலத்துப் பேப்பர்களை எல்லாம் ஸ்கேன் செய்துகொண்டு, "நான் பதிவு பண்ணிடுறேன், நீங்க வயலைப் பாருங்க" என்று அனுப்பியிருந்தேன்.

அன்று காலை கம்ப்யூட்டர் உயிர் பெறவே இல்லை.

பெரிய கம்பெனி கம்ப்யூட்டர் என்று பெருமையாக வாங்கியது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், "பவர் சப்ளை போயிருக்கும். பார்ட் வர பத்து நாளாகும்" என்றார்கள். பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்கு ஓடினேன். கடைக்காரர், "என்ன மாடலுங்க?" என்றார். "எல்லாம் ஒண்ணுதானே, குடுங்க" என்று வாங்கி வந்துவிட்டேன்.

திறந்து பார்த்தால், புது பவர் சப்ளை கம்ப்யூட்டர் பெட்டிக்குள் உட்காரவே இல்லை; வெளியே வைத்தே மாட்டப் பார்த்தேன். அதன் பெரிய பிளக்கைச் செருக மதர்போர்டில் இடமில்லை; அங்கே இருந்தது ஆறு துளைதான். வேறொரு கம்பியில் ஆறு துளை பிளக் ஒன்று தொங்கியது. இறுக்கமாக இருந்தாலும் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது.

பதிவுக்காகக் காத்திருந்த ஒரு பெண், நனைந்த புடவையும் சேற்றுக்காலுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தவரை, "கொஞ்சம் இருங்கம்மா" என்று அடக்கியிருந்தேன். நான் சுவிட்சுக்குக் கையை நீட்டியதும், சட்டென்று எழுந்து வந்து சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பிளக் ஒரே மாதிரி இருக்கும், வர்ற கரண்ட் வேற. போட்டிருந்தா போர்டு கருகியிருக்கும்."

கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் சென்னைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இதே மாதிரி கம்ப்யூட்டர்களுக்குப் பாகங்களை மாட்டிச் சேர்க்கும் வேலை பார்த்தாராம். "அத்தனை பேரோட பேப்பரும் இதுக்குள்ளதான் இருக்குங்க" என்றேன்.

"பேப்பருக்கு ஒண்ணும் ஆகலைக்கா. பவரும் போர்டும்தான் கம்பெனிக்காரங்க அவங்க இஷ்டத்துக்கு மாத்தி வச்சிருக்காங்க. டிஸ்க் எல்லாத்துலயும் ஒண்ணுதான். வேற கம்ப்யூட்டர் இருக்கா?"

பக்கத்து டியூஷன் சென்டரில் கெஞ்சி, அவர்களுடைய பழைய அசெம்பிள் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தோம். நான்கு திருகைக் கழற்றி டிஸ்க்கை எடுத்து அதில் மாட்டினார். திரையில் ஊர் ஊராகப் பெயர் போட்ட என் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றபோது, அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

முதலில் அவருடைய குத்தகை நிலத்தைப் பதிந்து ரசீதைக் கையில் கொடுத்தேன். மறுநாள் மதியத்துக்குள் ஒருவர் விடாமல் பதிந்து முடித்தேன். சரியான பார்ட் இரண்டு வாரம் கழித்து வந்து, என் கம்ப்யூட்டரும் பிழைத்துக்கொண்டது.

அவருடைய சேற்றுக்காலைப் பார்த்து, இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்த என் அவசரம் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது. இப்போதெல்லாம் யார் "ஒரு நிமிஷம்" என்றாலும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.