போட்டுக்குளம் வற்றிய ஓணம்

என் சித்தப்பாவுக்கு எங்கள் தெருவில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: வெள்ளங்குடி ஓவர்சியர். திருவனந்தபுரத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான்; மலையாளத்திலிருந்து எங்கள் வீட்டுத் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட சொல். ஒரு குளத்துத் தண்ணீர் முழுவதையும் தனி மனிதராகக் குடித்துத் தீர்த்தவர் என்று அதற்குப் பொருள். அந்தப் பெயர் அவருக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது.

போட்டுக்குளம், அதாவது படகுக் குளம், எங்கள் தெரு இருந்த கரமனையிலிருந்து வில்வண்டியில் போனால் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடிய ஓடையை மண்கரை போட்டு மறித்து, தன் பெண்டாட்டி பிள்ளைகள் படகு விட்டு விளையாடுவதற்காக யாரோ ஒரு வெள்ளைக்காரர் எங்கள் தாத்தா காலத்தில் கட்டியது. அவர் சீமைக்குத் திரும்பிய பிறகு ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு கமிட்டி வைத்து அதை ஏற்றுக்கொண்டார்கள். படகுகளுக்கு வருஷம் தவறாமல் வர்ணம் பூசினார்கள். கரைமேல் வளர்ந்து நின்ற மாமரங்களுக்கு அடியில் காற்று வாங்குவதற்குப் பெஞ்சுகள் போட்டார்கள். கரைக்கு மட்டும் யாரும் எதுவும் செய்யவில்லை. அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. ஓணத்தன்று பாண்டு வாத்தியம் முழங்கும், மரத்துக்கு மரம் விளக்குத் தொங்கும், அன்று ஒரு நாள் எங்களைப் போன்ற சாதாரணக் குடும்பங்களும் படகில் ஏறலாம்.

அந்தக் கமிட்டிக்குத்தான் சித்தப்பா ஓவர்சியர். அப்பாவின் தம்பி, எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். அந்த வருஷம் தையில்தான் அவருக்குக் கல்யாணமாகி, சித்தி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். ஆடி மாதத்தில்கூடக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைகிற ஊர் அவளுடையது. படகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஓணத்துக்குக் கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, படகு ஆடுமா, ஆடினால் எதைப் பிடித்துக்கொள்வது என்றெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டாள். நான் இரண்டு முறை ஏறியவள் என்ற கர்வத்தோடு, ஒன்றையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஆடியில் பெய்யும் கர்க்கடக மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் சித்தப்பா கரையைப் பார்க்கக் கிளம்பினார். பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். சித்தி இட்லியும் கூஜாவில் காப்பியும் கொடுத்து அனுப்பினாள். குளம் விளிம்புவரை நிறைந்து தளும்பிற்று. சித்தப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கரையின் மறுபக்கம் சரிவில் இறங்கிப் போனார். அடிவாரத்தில் புல்லுக்கு நடுவே ஓர் ஊற்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. கீழ்ப்புறம் வயல், வயலோரமாக ஓலை வீடுகள். முற்றத்தில் ஒரு பெண் நெல்லைப் பரப்பிவிட்டுக் கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா காப்பி தம்ளரைக் கழுவி, ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஒரு கல்மேல் வைத்தார். பிறகு அதன் எதிரில் குந்தி உட்கார்ந்துவிட்டார். குடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து மேல்தண்ணீரை மெல்லக் கவிழ்த்துவிட்டு அடியைக் காட்டினார். மஞ்சளாக ஒரு விரற்கடை சேறு.

“போன வருஷம் இது கண்ணாடியாட்டம் தெளிஞ்சிருந்தது” என்றார்.

“வயல் சேறா சித்தப்பா?”

“இல்லைடீ. கரையோட மண்ணாக்கும். உள்ளுக்குள்ளேர்ந்து கரைஞ்சு வரது.” தலைக்குமேல் நின்ற மாமரங்களைப் பார்த்தார். “வேர் போன வழியெல்லாம் வெள்ளமும் போறது.”

காப்பியை அவர் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் அந்தத் தம்ளரையே கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்ளர் அழுக்காகிவிட்டதே, சித்தி கோபிப்பாளே என்ற கவலைதான் அவருக்கு என்று நான் எண்ணிக்கொண்டேன்.

கமிட்டியின் காரியதரிசி அடுத்த தெருவில் இருந்த ஒரு வக்கீல். சித்தப்பா நாலைந்து தடவை அவரிடம் நடந்தார். கடைசியில் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

“ஓணம் கழியட்டும் ஓய். இத்தனை வருஷம் நின்ன கரை, இன்னும் ஒரு மாசம் நிக்காதாக்கும்?”

“நின்னாலும் நிக்கும். நிக்கலேன்னா, கீழே குடும்பங்கள் இருக்கு.”

“இப்படிப் பயந்தா ஓவர்சியர் உத்தியோகம் எப்படிப் பாக்கறது?”

“குளத்தைப் பாதிக்கு எறக்கினாப் போறும். போட்டு அப்பவும் ஓடும்.”

“பாதிக் குளத்திலே என்ன விளக்கு, என்ன பாண்டு! கையை வைக்காதேயும், சொல்லிட்டேன்” என்று வக்கீல் எழுந்து போனார்.

ஓணத்துக்குச் சில நாள் இருக்கையில் மறுபடி மழை பிடித்தது. விட்டதும் சித்தப்பா போய்ப் பார்த்தார், ஊற்று இரண்டாகியிருந்தது. யாரையும் கேட்காமல் மதகைத் திறந்துவிட்டார். பாதியோடு அடைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் கரையைப் போலவே மதகையும் யாரும் கவனித்திருக்கவில்லை. துருவேறிய கதவு தூக்கும்போதே பிய்ந்து வந்துவிட்டது. இனி அடைக்க வழியில்லை. போட்டுக்குளம் ஓடையில் இறங்கி, ஆற்றோடு கலந்து போயே போய்விட்டது.

ஓணத்தன்று ஊர் திரண்டு போய்ப் பார்த்தது. வர்ணம் பூசிய படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. சித்தி படகில் ஏறுவதற்கென்று எடுத்து வைத்திருந்த நாகப்பழ நிறப் புடவையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பரவாயில்லை என்றாள். ஒருவரும் கேட்காமலே இரண்டு தரம் சொன்னாள். நான் சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். தெருவே நிறுத்தியிருந்ததால் அவருக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்காது. பட்டப்பெயர் அந்த வாரத்தில்தான் பிறந்தது.

கரைக்குக் கீழே இருந்த வயல்காரரும் ஒரு நாள் வந்தார். அந்தக் காலத்தில் அவரைப் போன்றவர்கள் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது. முனையில் நின்றே கூப்பிட்டார். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. “ரண்டாம் விளைக்கு வெள்ளம் எவிடே ஸ்வாமீ? எங்கள் பட்டிணி கிடக்கணோ?” என்று, இரண்டாம் போகத்துக்குக் குளத்துத் தண்ணீர் இல்லாமல் பட்டினி கிடப்பதா என்ற ஆத்திரத்தோடு கேட்டார். சித்தப்பா குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். வயல்காரர் அதைச் சொல்லாமலே திரும்பி நடந்தார்.

ஐப்பசியில் அதுவரை யாரும் பார்த்திராத மழை. கரமனை ஆறு படித்துறையை முழுங்கி, எங்கள் தெருவின் கடைசி வீடுவரை வந்தது. சித்தப்பா தினமும் குடையோடு போய்க் கரையைப் பார்த்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வந்தார். பெய்ததெல்லாம் கதவில்லாத மதகு வழியே ஓடிவிட, குளத்தில் முழங்கால் ஆழத்துக்குமேல் தண்ணீர் நிற்கவில்லை. கரை அப்படியே நின்றது.

அதுதான் அவருக்கு வினையாயிற்று. “பாத்தேளா! அத்தனை மழைக்கும் அசையாத கரையாக்கும் அது” என்று வக்கீல் கோயில் வாசலில் வைத்தே அப்பாவிடம் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து, “அவர் சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு” என்றார். கமிட்டி சித்தப்பாவை வேலையிலிருந்து நீக்கியது. யாரோ தெரிந்தவர் மூலம் மலைமேலிருந்த போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பாதை போடும் வேலை கிடைத்தது.

அவர்கள் புறப்பட்ட காலையில் வண்டியில் சாமான் ஏற்றும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு பேச ஏதாவது வேண்டியிருந்தது.

“கரை இடியவே இல்லையா சித்தப்பா?”

“இல்லை.”

“ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையா?”

“ஒண்ணும் ஆகலைடீ கொழந்தே. ஒண்ணுமே நடக்கலை” என்று சொல்லிச் சிரித்தார். ஓணத்துக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சித்தி வண்டிக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருஷம் மலைக்காய்ச்சலில் சித்தப்பா போய்விட்டார்; சித்தி மட்டும் திரும்பி வந்தாள். குளத்தை மறுபடி யாரும் நிறைக்கவில்லை. மதகுக்குக் கதவு போட வேண்டுமென்று கமிட்டி பலமுறை கூடிப் பேசியதோடு சரி. அந்தக் கரை நிறைகுளத்தோடு அந்த மழையைத் தாங்கியிருக்குமா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருவருக்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போனார் அவர்.

அன்று வண்டி தெருமுனை திரும்பியதும் நான் உள்ளே ஓடினேன். அம்மா அடுக்களையில் இருந்தாள். “சித்தப்பாவே ஒத்துண்டுட்டார் அம்மா, ஒண்ணும் நடக்கலையாம்!” என்று மூச்சிரைக்கச் சொன்னேன். தப்பு செய்தவர் கடைசியிலாவது உண்மையைச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.