தெருவில் போட்ட பெஞ்சு

வேளாங்கண்ணி போகிற வழியில், தெரிந்த சிஸ்டர்கள் இருவர் இன்று வீட்டுக்கு வந்தார்கள். நேராக அடுப்படிக்கே வந்து, நான் பொரித்துக்கொண்டிருந்த வஞ்சரத்தில் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். நான் கரண்டியைப் பிடித்தபடி அவர்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளில் இது நடக்காது. கன்னியாஸ்திரியான பெண் பிறந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. அது மடத்துச் சட்டம். என் அக்காவை அஸ்ஸாமுக்கு அனுப்புமுன் வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போன வேன், ராயபுரத்தில் எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்க மடத்துத் தலைவியான மதர் அனுமதித்தார்.

"அவ உள்ள வரக் கூடாதுன்னா, நான் வூட்டை வெளிய தூக்கினு வர்றேன்" என்றார், ஹார்பரில் மூட்டை தூக்கும் நைனா. பெஞ்சும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் தெருவுக்கு வந்தன. நிலக்கரித் தூசியையும் மீறி, அம்மா பொரித்த வஞ்சரம் மணத்தது.

அக்கா தட்டைத் தொடவில்லை. "வெளியாளுங்க எதிர்ல நாங்க சாப்பிடக் கூடாது நைனா."

"நாங்க வெளியாளா?" என்றார் நைனா. பிறகு எங்களிடம், "சரி, எல்லாரும் அந்தாண்ட திரும்பிக்கோங்க. கொயந்த துன்னட்டும்."

மூவரும் சுவரைப் பார்த்து நின்றோம். பின்னால் ஹாரன் அடித்தது. நாங்கள் திரும்புவதற்குள் அக்கா வேனில் ஏறிவிட்டாள். தட்டிலிருந்த மீனில் ஓரமாக ஒரு விள்ளல் குறைந்திருந்தது.

"துன்னா பாத்தியா!" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் நைனா. அக்கா அஸ்ஸாமிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். கடைசியாகக் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரமும் நாங்கள் சுவரைத்தான் பார்த்திருக்கிறோம்.

"என்னம்மா, எங்களையே அப்படிப் பார்க்கறீங்க?" என்றார் இளைய சிஸ்டர், வாயில் மீனோடு.