சிவப்புக் கரை கட்டிய கிழங்கு

கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதிக்கத் தொடங்கும்போது பச்சைப் புல்லைக் கசக்கியது போல ஒரு வாசனை வரும். நேரம் ஆக ஆக அது மாறி, மூக்கு வழியாகவே தொண்டைக்குள் இனிப்பாக இறங்கும். அந்த வாசனை தெருமுனைக்கு வந்துவிட்டால், திருவள்ளூர் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். கரும்பு வெட்டெல்லாம் முடிந்து கடைசியாக வெல்லம் காய்ச்சும் நாளை "கடைசிக் கொப்பரை" என்போம். அன்றைக்கு மட்டும், கரும்பு வெட்டியவர்கள் வீட்டுக்கு ஒரு சக்கரவள்ளிக் கிழங்கைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து, கொதிக்கிற சாற்றில் தொங்கவிடலாம். அடையாளத்துக்குக் கயிற்று நுனியில் ஆளுக்கொரு துணி. எங்களுடையது அம்மாவின் பழைய புடவையில் கிழித்த சிவப்புக் கரை.

அந்த வருஷம் தங்கச்சிக்கு அம்மைக்கட்டு. கன்னம் வீங்கிப் படுத்திருந்தவள், இருந்ததில் பெரிய கிழங்கைப் பொறுக்கி, "முழுசா எனக்குத்தான்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தாள். அம்மா அவளோடு இருந்துவிட்டாள். நைனா அடுப்புக் குழிக்குள் இறங்கிக் கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தார். மேலே நடப்பது அவருக்குத் தெரியாது.

கிழங்கைத் திரும்ப வாங்குவதுதான் எனக்குப் பெரும்பாடு. பாகு கிண்டும் ஊர்க்கார அண்ணன் ஒருவர் ஒவ்வொரு கயிறாகத் தூக்கிக் கத்துவார். ஆவியில் முகம் தெரியாது என்பதால் நாமும் கத்தித்தான் வாங்க வேண்டும்.

"செவப்புத் துணி யாரு ஊட்டுது?"

கையைத் தூக்கினேன். மார்பு வரைக்கும் வந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"இன்னாபா, கெழங்கு தானா நடந்து வந்துச்சா?" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

"கேக்க ஆளில்லன்னா இப்டி குடுபா, எங்க ஊட்ல தின்ன ஆளு நெறைய கீது" என்று எதிர்வீட்டு அத்தை முந்தானையை விரித்தார். பாகு சொட்டச் சொட்டக் கிழங்கு அதற்குள் போனது. அவர் கழற்றிப் போட்ட கயிறு என் காலடியில்தான் விழுந்தது.

"வாய்ல இன்னா, கொழுக்கட்டயா வெச்சினு இருந்த?" என்று, வெறும் கயிற்றோடு வீடு திரும்பிய என்னை அம்மா திட்டினாள். தங்கச்சி கயிற்று நுனியைச் சப்பிப் பார்த்துவிட்டு, "கயிறாவது வந்துச்சே" என்றாள்.

இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அந்தச் சிவப்புக் கரைப் புடவையில் அம்மாவைப் பார்க்காதவர் அந்தத் தெருவில் யார்? தெரிந்திருந்தும், கத்துகிறவருக்குத்தான் கிழங்கு என்று வைத்திருந்தார்களே!

கரும்புக் கொல்லை இருந்த இடத்தில் இப்போது கம்பெனி நிற்கிறது. கரும்பு ஆலையும் இல்லை, அடுப்புக் குழியும் இல்லை. அந்தக் கம்பெனியில்தான் நான் பேக்கிங் வேலை செய்கிறேன். போன வாரம் சூப்பர்வைசர் நடுவில் நின்று, "பகல் ஷிப்ட்ல ஒரு எடம் காலி. யாருக்கு வேணும்?" என்றார். மூட்டு வலியோடு நைட் ஷிப்ட் பார்க்கும் நான் அதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தேன். கை மார்பு வரைக்கும் வந்தது. அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து, "எனக்கு சார்!" என்று ஒரு குரல். முடிந்தது.

மணவாள நகரில் இருக்கும் தங்கச்சியிடம் போனில் சொன்னேன்.

"கயிறாவது வந்துச்சாக்கா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்காவது ஆவி மறைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இங்கே டியூப்லைட் பளிச்சென்று எரிகிறது.