மகன் கையில் ஊர்ப்பெயர்

மாலை ஆறேகால் மணிக்கு என் மகன் சட்டையைக் கழற்றினான். எதிர்ச் சாராயக்கடையின் சுவர்க்கடிகாரம் எங்கள் அறைச் சன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். அதனால்தான் மணி நினைவிருக்கிறது. அதுவரை மூன்று நாள், புதுச்சேரித் தெருவைப் பார்த்துப் பயந்தாலும், மகனைப் பற்றி நிம்மதியாகவே இருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலையில் பெரக்கரை நாடு; சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்போம். கீழே போய்ப் படித்துவிட்டு மலையிலேயே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். அது உலகச் சண்டைக்காலம். கப்பலில் சமையல் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய பத்தொன்பது வயது மகன், கப்பல் எதிலும் இடம் கிடைக்காமல், புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு விடுதியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். கூட்டிவரப் போனேன். வேலைக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை பத்து நாள் இருக்கும்படி விடுதிக்கார அம்மாள் கேட்டுக்கொண்டதால், மாடியில் அவன் அறையிலேயே தங்கினேன்.

பகலெல்லாம் அந்தத் தெரு தூங்கும். வெயில் தாழ்ந்ததும் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடி விளக்குகள் எரியும். ஒரு கடையில் கிராமபோன் பாடும். பக்கத்துக் கடையில் ஒருவன் ஆர்மோனியத்தை அதற்குமேல் அழுத்துவான். மாலுமிகள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு தெருவை அடைத்து நடப்பார்கள். அந்த ஊரில் ஆண்களை மரியாதையாக மிசியே என்பார்கள். நான் குனிந்தபடி போவதைப் பார்த்து, வாசலில் நின்ற பெண் ஒருத்தி, "இன்னா மிசியே, தரையில எதனா தொலைச்சிட்டீங்களா? வாங்க, சேர்ந்து தேடலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "அது நம்ம பையனோட அப்பாரு, வாய மூடுடி" என்று விடுதிக்கார அம்மாள் மாடியிலிருந்து அதட்டினாள். சிரிப்பு இன்னும் பெரிதாகியது.

எனக்கோ எல்லாவற்றிலும் பயம். குடிகாரர் கையில் இருக்கும் கத்தி, அந்தப் பெண்கள், கடல். பையன் தூங்கியதும் குனிந்து அவன் வாயை முகர்ந்து பார்ப்பேன். ஒருநாளும் வாடை இல்லை. என் பிள்ளை கெடவில்லை என்று நிம்மதியாகப் படுப்பேன். புழுக்கத்திலும் அவன் முழுக்கைச் சட்டையோடு படுப்பதை நான் கவனித்தேன். துரைகள் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், கல்யாணத்துக்கென்று அரைக்கைச் சட்டை ஒன்று வாங்கிவந்து போட்டுப் பார்க்கச் சொன்னேன். தயங்கிவிட்டுத்தான் கழற்றினான். இடது முன்கையின் உட்புறம் பச்சை எழுத்தில் இருந்தது: பெரக்கரை நாடு, கொல்லிமலை.

எங்கள் மலையில் பச்சை குத்திக்கொள்ளக்கூடாது. குத்திக்கொண்டவர் அங்கே குடியிருக்கவும் கூடாது. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"நீங்கதானுங்களே அப்பா எழுதினீங்க."

எழுதியிருந்தேன். கப்பலில் ஏறுவதானால் ஊர்ப்பெயரைத் துணியில் எழுதி இடுப்பில் கட்டிக்கொள், கடலில் ஏதாவது நேர்ந்தால் எந்த ஊர்ப் பிள்ளை என்று கண்டெடுத்தவனுக்குத் தெரியவேண்டும் என்று, தூக்கம் வராமல் கிடந்துவிட்டு எழுதிய கடிதம்.

"துணி தண்ணியில ஊறிப் போயிருமுங்க. மாலுமிங்களுக்குக் குத்தறவன் கீழ் வீதியில இருக்கான். அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. நான் தாள்ல எழுதிக் குடுத்தேன், பாத்துக் குத்தினான்."

"நம்ம கட்டுப்பாடு தெரியாதா உனக்கு?"

"அது பொம்பளைங்க கோலமாட்டம் குத்திக்கறதுக்குன்னு நெனச்சேனுங்க. இது எழுத்துதானுங்களே. எழுத்துல என்னங்க தப்பு?"

அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மறுநாள் பச்சை குத்துகிறவனிடம் அழைத்துப் போனேன். "அழிக்க முடியாது மிசியே. வேணும்னா அது மேலேயே பெருசா ஒரு கப்பல் குத்தி மறைச்சிடறேன்" என்றான். அவன் கேலி செய்யவில்லை, உதவத்தான் பார்த்தான். விடுதிக்கார அம்மாளோ, "இங்கேயே உட்டுட்டுப் போங்க. எங்க தெருவுல கையப் பாத்து ஆரும் ஒதுக்கமாட்டாங்க" என்றாள். அந்தத் தெருவைப் பார்த்துத்தானே அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன்.

மீதி நாட்கள் எப்படிப் போயின என்று எழுதுவது கஷ்டம். கீழே பாட்டு நடக்கும். நாங்கள் இருவரும் தூங்காமல் படுத்திருப்போம். ஒரு காலையில் அவன் செங்கல் பொடியால் கையைத் தேய்த்து ரத்தம் வரவழைத்திருந்தான். எழுத்து அப்படியே இருந்தது. நான் கட்டுப் போட்டுவிட்டேன்.

"முழுக்கைச் சட்டையாவே போட்டுக்கறேன் அப்பா. ஆருக்குத் தெரியப்போவுது?" என்றான்.

ஆயுள் முழுவதும் முழுக்கைச் சட்டையோடு ஏர் பிடிக்க முடியுமா? தெரியாமல் கூட்டிப்போய், பிறகு தெரிந்தால் மகள் கல்யாணம் என்னாகும்? இப்படியெல்லாம் யோசித்தேன். இன்று நினைத்துப் பார்த்தால், எனக்குப் பொய் சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

பத்து நாள் முடிந்து கிளம்பி, மலையடிவாரத்துக் காரவள்ளி வந்ததும் மேலே ஏறவில்லை. அங்கே மிளகு வாங்கும் பாய் ஒருவர் தன் கிடங்கில் இடம் கொடுத்தார். மிளகு எடுக்க மலைக்குப் போன அவர் ஆட்களிடம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதினேன். "எழுதாம இருந்திருக்கலாமுங்க வாத்தியாரே" என்று மட்டும் பாய் சொன்னார். பையன் மூட்டைகள்மேல் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர்களில் ஒருவராவது வருவார் என்று இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் மத்தியானம், தலையில் ஒரு மூட்டையோடு ஒற்றையடிக் கொடித்தடத்தில் தனியாக இறங்கி வந்தவள் என் மனைவி.

என்னைப் பார்க்காமல் நேரே அவனிடம் போய்க் கட்டை அவிழ்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலை எழுத்தின்மேல் ஓட்டி, "என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்றாள்.

"நம்மூருப் பேரும்மா."

கொஞ்ச நேரம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, ஊருல கூடிப் பேசிட்டாங்க. இவன் மேல வரக்கூடாதாமா. புள்ள ஊட்டுல தனியா இருக்கறா, நீங்க போங்க. போயி கல்யாணத்த முடிச்சுட்டு வாங்க. நான் இவங்கூட இருந்துக்கறேன்."