பின்சுவரில் ஒரு கூடு

ரூ பெர்தொனே என்ற தெருவில் நான் வேலை செய்த புடவைக்கடைக்குப் பின்னால் சிறிய முற்றம் ஒன்று உண்டு. அதன் சுவரில், பழைய குழாயைக் கழற்றிய ஓட்டைக்குள், ஒரு வசந்தத்தில் ஒரு சோடிக் குருவிகள் கூடு கட்டின. ஆண் கரி நிறம், பெண் சாம்பல். இரண்டின் துருநிற வாலும் ஓயாமல் நடுங்கும். குப்பைத் தொட்டிக்கு மேல் பறக்கும் ஈயை அந்தரத்திலேயே கவ்விவிடும். ஈப்பிடிப்பான் குடும்பம் என்று தொலைபேசியில் தேடி அறிந்தேன்.

அந்தச் சுவருக்குச் சீமெந்து பூசப் போகிறார்கள் என்றதும் முதலாளியிடம் போனேன். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வதிவிட அனுமதி கொடுக்கும் பிரெபெக்சூரில் எனக்குத் துணையாக வரிசையில் நின்றவர் அவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

"ஓம் பிள்ளை, குஞ்சு பறக்கும்வரை அதிலை ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்" என்றார்.

குஞ்சுகளின் கீச்சொலி கேட்கத் தொடங்கிய வாரம், பியர்ஃபித்தில் இருக்கும் தன் மச்சாளுக்குக் கூறைச்சேலை கொண்டுபோகச் சொன்னார். "மத்தியானம் அங்கையே சாப்பிட்டிட்டு ஆறுதலா வா" என்றார். அவசரப்படாமல் வரச் சொன்ன அந்தக் கரிசனையை நினைத்துச் சந்தோஷத்தோடுதான் ரயிலேறினேன்.

திரும்பி வந்தபோது ஓட்டை இருந்த இடத்தில் ஈரச் சீமெந்து. தாய்க்குருவி வாயில் பூச்சியோடு அதன் முன்னால் சிறகடித்துக்கொண்டு நின்றது. போர்த்துக்கீச மேசன் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே குஞ்சுகள் இருப்பதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. தனக்குத் தெரியாது என்றார். நான் வருவதற்குள் முடித்துவிடும்படி முதலாளி அவசரப்படுத்தினாராம்.

அவரே உளியை எடுத்தார். உடைத்த சீமெந்தை நான் கையாலேயே வழித்தேன். குஞ்சுகள் தூசி படிந்து, ஆனால் உயிரோடு இருந்தன. நாங்கள் விலகி நின்றோம். வெகுநேரம் கழித்துத் தாய் உள்ளே போனது.

கடைக்குள் வந்தேன். அண்ணை புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"மேசன் தன்ரை பாட்டுக்குச் செய்திட்டான் பிள்ளை."

"அவர் எனக்குச் சொல்லிப்போட்டார் அண்ணை."

மடித்த புடவையை அவர் தட்டில் வைத்தார். "ஒரு குருவிக்காகவோ இப்பிடி நிக்கிறாய்?"

"எனக்கு நேர சொல்லியிருக்கலாம். மறிச்சிருப்பன், அழுதிருப்பன். சாப்பிட்டிட்டு வா எண்டு அனுப்பினியளே."

குஞ்சுகள் பறக்கும்வரை அங்கே வேலை செய்தேன். பிறகு லெ பிளாங்-மெனிலில் ஒரு பலசரக்குக் கடைக்கு மாறினேன். இப்போதும் யாராவது அன்பாக "ஆறுதலா வா" என்றால், ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது.